மல்லிகை மொட்டு படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது, இதழ் தெரிய எப்படி எடுப்பது?

அப்பத்தா_தோட்டம் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்துக்கும் செக்கானூரணிக்கும் நடுவில் எங்களுக்கு அறுபது சென்ட் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. என் அப்பத்தா தங்கச்சிமடத்துக்கு ஆள் அனுப்பி நாற்று எடுத்துவரச் சொல்லி, தானே கூட நின்று நட்டது. பதினைந்து வருடம் ஆகிவிட்டது. செடிக்கு வயதாகி மொட்டு சிறுத்துவிட்டது, விடியற்காலையில் பூ எடுக்க ஆளும் கிடைப்பதில்லை, அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் பிடுங்கிவிட்டு உழுதுபோடப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தத் தோட்டத்தை யாரும் உருப்படியாக ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் எல்லோர் தலையிலும் எங்கள் தோட்டத்துப் பூ இருக்கிறது, தோட்டம் மட்டும் எதிலும் இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக எடுத்துப் பார்க்கிறேன். பத்து, பதினொரு மணிக்குத்தான் போக முடிந்தது. போனில் எடுத்தால் மொட்டு எல்லாம் பச்சை இலைமேல் சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி இருக்கிறது, இதழ் எங்கே சுற்றியிருக்கிறது, காம்பு எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. ரொம்பக் கிட்டத்தில் எடுக்க மேக்ரோ என்று போனில் ஒரு வசதி இருக்கிறது, அதில் வைத்தால் இன்னும் மோசம், கஞ்சி மாதிரிக் குழைந்து வருகிறது. அண்ணனிடம் ஒரு பழைய கேனான் கேமரா இருக்கிறது, கூடவே வந்த 18-55 லென்ஸ்தான், அதில் கிட்டப் போனால் ஃபோகஸ் பிடிக்க மாட்டேன் என்கிறது. இதெல்லாம் போதாதென்று காற்று வேறு, ஆடி முடிந்தும் எங்கள் பக்கம் நிற்கவே இல்லை. ஒரு கொத்தைப் பறித்து வீட்டுக்குள் வைத்து எடுத்தேன், டியூப்லைட்டில் பூ பச்சையாக வந்துவிட்டது.

நான் கேட்பது இதுதான். வெள்ளைப் பூ வெள்ளையாகவும் இருக்க வேண்டும், அதன் மடிப்பும் தெரிய வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும்? மேக்ரோ லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா? நடு வீட்டில் அப்பத்தா படத்துக்குப் பக்கத்தில் 12க்கு 18 அங்குலத்தில் ஒன்று மாட்ட வேண்டும், போனில் எடுத்தால் அந்த அளவுக்குத் தாங்குமா? எனக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

ஐம்பது_எம்எம் எழுதியது:

தங்கச்சி, உங்கள் போனிலும் கேமராவிலும் ஒரு கோளாறும் இல்லை. கேமராவுக்கு எதிரே இருப்பது பூ என்றும் தெரியாது, வெள்ளை என்றும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்து, அந்தச் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வருகிற மாதிரி வெளிச்சத்தைக் கூட்டும், இல்லை குறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் படத்தில் முக்கால்வாசி கரும்பச்சை இலையும் செடிக்கு அடியில் இருக்கிற நிழலும். அதைப் பார்த்து இருட்டாக இருக்கிறதே என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. இலை நன்றாக வரும், நடுவில் இருக்கிற நாலு மொட்டு வெந்துபோகும். ஸ்டுடியோவில் இதை பர்ன் ஆகிவிட்டது என்போம். இருட்டாக எடுத்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், பர்ன் ஆன வெள்ளையை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அந்த இடத்தில் பதிவே கிடையாது.

நான் மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு வெள்ளையைக் கற்றுக்கொடுத்தது பெண்ணின் பின்னல்தான். கருகருவென்ற கூந்தல், அதன்மேல் நெருக்கமாகத் தொடுத்த மல்லிகை. கூந்தலை நம்பி எடுத்தால் பூ போய்விடும், பூவை நம்பி எடுத்தால் கூந்தல் கரியாகிவிடும். பூவின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று நான் தெரிந்துகொள்ள நாலைந்து சீசன் ஆனது. கூந்தல் கறுப்பாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பூவில் இதழ் இல்லை என்றால் பார்த்தவுடன் தெரியும்.

அதனால் போனில் இப்படிச் செய்யுங்கள். மொட்டின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் அங்கே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்ன சூரியன் குறி வரும், அதைக் கீழே இழுங்கள். திரையில் இலை எல்லாம் மங்கி, படம் தப்பாக வருகிறதோ என்று உங்களுக்கே சந்தேகம் வருகிற இடம் வரைக்கும் இழுங்கள். மொட்டில் சாம்பல் மாதிரி ஒரு மெல்லிய நிழல் தெரிய ஆரம்பிக்கும். அந்த நிழல்தான் இதழ். கேமராவில் என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பை, மைனஸ் 0.7-ல் தொடங்கி மைனஸ் 1.3 வரை வைத்து எடுத்துப் பாருங்கள். எடுத்த படத்தைப் பார்க்கும்போது பர்ன் ஆன இடம் கறுப்பும் வெள்ளையுமாக மினுக்குகிற ஒரு வசதி மெனுவில் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள், வெயிலில் திரை சரியாகத் தெரியாதபோது அதுதான் துணை.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது, பலர் இங்கே குழம்பிவிடுவார்கள். பறித்த பூவைக் கூடையில் குவித்து வைத்து, படம் முழுக்கப் பூவே நிறைகிற மாதிரி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். இப்போது சராசரியே வெள்ளை. கேமரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பூ அழுக்கு வேட்டி மாதிரி வரும். அங்கே பிளஸ் 0.7, பிளஸ் 1 என்று ஏற்ற வேண்டும். ஒரே பூதான், செடியில் இருந்தால் மைனஸ், கூடையில் இருந்தால் பிளஸ்.

நிறத்துக்கு வருகிறேன். இலைக்கு நடுவில் இருக்கிற வெள்ளைப் பூவின்மேல் இலையில் பட்டுத் தெறிக்கிற பச்சை ஏறத்தான் செய்யும், கொஞ்சம் இருந்தால் அழகு. ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமரா முடிவு செய்கிற அமைப்பை, ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வெள்ளை காட்டும், ஒன்றோடு ஒன்று சேராது. வெயில் குறியிலோ மேகக் குறியிலோ வைத்துவிட்டு அதை மாற்றாதீர்கள். அண்ணன் கேமராவில் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கிற கோப்பாக, எடுத்தால் நிறத்தைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து திருத்தலாம்.

லென்ஸ் வாங்க வேண்டாம், இப்போதைக்கு. 18-55-ஐ முழு ஜூமில், அதாவது 55-ல் வைத்து, பூவில் இருந்து கேமராவின் பின்பக்கம் வரைக்கும் ஒரு ஸ்கேல் நீளத்துக்குள், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வரை வரலாம், அதற்கும் கிட்டப் போனால்தான் அது பிடிக்காது. லென்ஸ் துவாரத்தின் அளவை எஃப்8-ல் வையுங்கள். அவ்வளவு கிட்டத்தில் எஃப்8-லேயே தெளிவாக விழுகிற ஆழம் அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது, ஆகவே மொட்டும் காம்பும் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறதோ அதற்கு இணையாகக் கேமராவின் முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் பெரிய லென்ஸைவிட அதிகம் தரும். இன்னும் கிட்டப் போக ஆசை என்றால் எக்ஸ்டென்ஷன் டியூப் என்று ஒரு வளையம் இருக்கிறது, உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுவது, மேக்ரோ லென்ஸ் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். போனில் மேக்ரோவை விட்டுவிடுங்கள், பல போன்களில் அந்த லென்ஸ் வெறும் 2 மெகாபிக்சல். மெயின் கேமராவிலேயே ஒரு முழம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

பிரிண்ட் கேட்டீர்கள். 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி. அதை 12க்கு 18 அளவுக்கு வெட்டினால் அங்குலத்துக்கு 220 புள்ளிக்கு மேல் நிற்கும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது தாராளம்.

மேலூர்_பக்கம் எழுதியது:

அண்ணே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதினொரு மணி வெயிலில் நின்றுகொண்டு மைனஸ், பிளஸ் எதை வைத்தாலும் பாதிதான் சரியாகும். அந்த வெயிலில் மொட்டின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி அடிக்கும், மறுபக்கம் கறுத்த நிழல். மதுரை வெயிலோடு மல்லுக்கட்டி யாரும் வெள்ளைப் பூவை எடுத்தது இல்லை. சூரியன் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் இருந்து, வந்து ஒரு மணி நேரம் வரைக்கும், உங்கள் நேரம் அவ்வளவுதான். அந்த நேரத்தில் காற்றும் அநேகமாக நின்றிருக்கும்.

நான் அரிட்டாபட்டி மலையடிவாரத்தில் காட்டுப்பூ எடுக்கிறவன், 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம், அதற்கு முன்னாலிருந்தே போகிறேன். அங்கே ஆவாரம்பூ, எருக்கம்பூ, தரையோடு தரையாகக் கிடக்கிற நெருஞ்சி, இவைதான் எனக்குப் பிடித்தவை. நெருஞ்சியை எடுக்க வேண்டும் என்றால் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தால்தான் ஆகும், முள் குத்தும், ஆனால் அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் அந்த மஞ்சள் பூவுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். நின்றவாக்கில் மேலிருந்து எடுத்தால் பூவோடு மண்தான் வரும். மல்லிகைக்கும் இதைச் சொல்கிறேன். செடி இடுப்பு உயரம்தான், முட்டி போடுங்கள், மொட்டும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரட்டும். பின்னால் இருக்கிற வரிசைகள் கலங்கிப்போய் பச்சைத் திரை மாதிரி விழும். உங்களுக்கு வேண்டியது தோட்டமும்தானே, பூ மட்டும் இல்லையே.

காலையில் போக முடியாத நாளில் ஒரு வெள்ளை வேட்டி எடுத்துப் போங்கள். நாலு முழ வேட்டியை ஒற்றையாகப் பிரித்து, சூரியனுக்கும் செடிக்கும் நடுவில் இரண்டு பேர் பிடித்தால் வெயில் பால் மாதிரி இறங்கும். கடையில் விற்கிற டிஃப்யூசர் செய்கிற அதே வேலை. நிழல் விழுகிற பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் அந்தப் பக்கமும் தெளியும். காற்றுக்கு, செடிப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, துணி உலர்த்துகிற கிளிப்பால் கிளையைப் பிடித்துவிடுங்கள், கிளிப் படத்துக்கு வெளியில் இருக்கட்டும். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே போக விடாதீர்கள், ஆடினால் 1/500. அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்வு அளவு, ஏறினால் ஏறட்டும், புள்ளி விழுந்த படம் பார்க்க முடியும், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சூரியன் எழும்போது ஒரே ஒரு தடவை எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். பூவுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது இதழ் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும், ஓரங்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பத்து நிமிடம்தான் கிடைக்கும். 2018-ல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது நான் மூன்று நாள் போய்வந்தேன், மூன்றாவது நாள் காலையில்தான் அந்தப் பத்து நிமிடம் கிடைத்தது. அடுத்தது 2030. உங்கள் தோட்டத்துக்கு அடுத்தது கிடையாது, அதனால் ஒரு நாளையும் விடாதீர்கள்.

அப்பத்தா_தோட்டம் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சூரியன் குறியைக் கீழே இழுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது, வாசலில் இருக்கிற நந்தியாவட்டையில் இப்போதே செய்து பார்த்தேன், நரம்பு தெரிகிறது! ஒரு சந்தேகம். விடியற்காலை போனாலும் மொட்டுதான் இருக்கும். பூ எடுக்கிறவர்கள் வெளிச்சம் வரும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், நான் போய்ச் சேரும்போது பாதி வரிசை காலி. மலர்ந்த மல்லிகை எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அப்பாவிடம் ஒரு வரிசையைப் பறிக்காமல் விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நிலக்கோட்டை_பூமண்டி எழுதியது:

தாயி, நான் பூ வியாபாரம். கமிஷன் கடையில் வேலை, பொழுது விடிகிறபோது எடை போட்டுக்கொண்டிருப்போம், பத்து மணிக்கு மேல் ஓய்வு, அந்த ஓய்வில்தான் படம் எடுக்கிற பழக்கம் வந்தது. நீங்கள் மனசு வரவில்லை என்று எழுதியது சரியான எண்ணம். செடியில் மலர்ந்துவிட்ட மல்லிகை விவசாயிக்கு விட்டுப்போன பூ. அதற்கு மார்க்கெட்டில் விலை கிடையாது. உங்கள் அப்பா அந்தப் படத்தைச் சுவரில் பார்க்கும்போதெல்லாம் அன்றைக்கு எடுக்காமல் போனதுதான் அவர் கண்ணில் படும். தோட்டத்தில் மல்லிகை என்றால் மொட்டுதான், அதையே எடுங்கள்.

மொட்டிலும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. இன்றைக்குப் பறிக்க வேண்டிய மொட்டு பருத்து, முழு வெள்ளையாக இருக்கும். நாளைக்கு வரப்போவது கொஞ்சம் பச்சை ஓடியிருக்கும். அதற்கு அடுத்தது இன்னும் அரும்பு. ஒரு கொத்தில் பெரும்பாலும் மூன்று, நடுவில் இருப்பதுதான் முதலில் முற்றும், பக்கத்தில் இருக்கிற இரண்டும் பிறகு வரும். அப்படி மூன்றும் மூன்று நிலையில் நிற்கிற கொத்தாகப் பார்த்து எடுத்தால், பூ தெரிந்தவர்கள் யாரும் அந்தப் படத்தைத் தாண்டிப் போக மாட்டார்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் அந்த இளம்பச்சை இருப்பதால் வெள்ளையும் எடுப்பாகத் தெரியும். இன்னொன்று, மேலே இருந்து எடுக்காதீர்கள், பக்கவாட்டில் எடுங்கள். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதில் இந்தப் பூவின் குணமாகச் சொல்லியிருப்பது தடித்த இதழும் நீளமான காம்பும். மேலிருந்து எடுத்தால் காம்பு மறைந்துவிடும், அப்புறம் அது எந்த ஊர் மல்லியாகவும் இருக்கலாம்.

மலர்ந்த பூ வேண்டும் என்றால் பறித்த பூவிலேயே எடுக்கலாம், செடியில் இருந்தாலும் சரத்தில் இருந்தாலும் மல்லிகை சாயங்காலம் இருட்டுகிறபோது தானாக அவிழும். காலையில் எடுத்த மொட்டில் அரை முழம் நாரில் தொடுத்து, தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு கறுப்புத் துணியில் விரித்து, போனை ஏதாவது ஒன்றில் அசையாமல் நிறுத்தி, 20 விநாடிக்கு ஒரு படம் விழுகிற மாதிரி டைம்லாப்ஸ் போடுங்கள். நாலு மணி நேரத்துக்கு 720 படம், ஓட்டிப் பார்த்தால் அரை நிமிடம் வரும். ஜன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், அது குறைந்துகொண்டே போகும், ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில் வையுங்கள். நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது மூச்சே விடவில்லை. முப்பது வருடமாக இந்தப் பூவைக் கிலோ கணக்கில் நிறுத்துப் போட்டவன், அது திறக்கிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கும் ஒரு நாள் விடியலில் போய்வாருங்கள், உங்கள் தோட்டத்துப் பூ போய்ச் சேருகிற இடம்தானே. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் போகாதீர்கள், கேமராவோடு நிற்க இடம் இருக்காது, யாருக்கும் பேச நேரமும் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அங்கே எல்.இ.டி. விளக்குதான், ஷட்டர் வேகத்தை 1/200, 1/500 என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுங்கும், அதனால் 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் கோடு போய்விடும்.

கனகாம்பரத்தையும் அங்கேயே எடுத்துப் பாருங்கள், அது மல்லிகையைவிடக் கஷ்டம். அந்த ஆரஞ்சு நிறத்தில் சிவப்பு மட்டும் தனியாக எகிறிவிடும், மொத்த வெளிச்சம் சரியாக இருக்கிற மாதிரித்தான் கேமரா காட்டும், பெரிதாக்கிப் பார்த்தால் இதழில் ஒரு மடிப்பும் இருக்காது, சாயம் கொட்டின மாதிரி இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச வரைபடம், காட்டுகிற கேமராவில் சிவப்பை மட்டும் பார்த்துக் குறைக்க வேண்டும். கோழிக்கொண்டைக்கும் இதே பாடுதான்.

குயில்குடி_குளம் எழுதியது:

வெள்ளையில் கை பழகிய பிறகு ஒரு காலை கீழக்குயில்குடி வாருங்கள், சமணர் மலை அடிவாரத்தில் அய்யனார் கோவில் பக்கத்துக் குளத்தில் தாமரை. திருமங்கலத்தில் இருந்து தூரமும் இல்லை. விடிந்ததும் வந்தால்தான் தாமரை விரிவதைப் பார்க்கலாம், வெயில் ஏற ஏற மூடத் தொடங்கிவிடும். வெள்ளை அல்லி நேர் எதிர், இரவில் விரிந்து காலையில் மூடுவது. இரண்டும் இருக்கிற குளத்தில் அந்த விடியற்காலை நேரத்தில் மட்டும்தான் இரண்டையும் சேர்த்து ஒரே படத்தில் பிடிக்கலாம். இலைமேல் பளபளப்பு அதிகமாக இருந்தால் லென்ஸின் முன்னால் மாட்டுகிற போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள், இலையின் பச்சை திரும்பி வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் செங்காந்தள். விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள், விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். பூ பச்சையும் மஞ்சளுமாகத் தொடங்கி நாளாக நாளாகச் சிவப்பாக மாறும், ஒரே கொடியில் எல்லா நிறமும் இருக்கும். செடி முழுக்க விஷம், தொட்டால் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்கிறேன். பூமண்டி அண்ணன் தண்ணீர் தெளிக்கச் சொன்னது வாடாமல் இருக்க, அது சரி. ஆனால் செடியில் இருக்கிற பூவில் ஸ்பிரே அடித்துப் பனித்துளி என்று எடுக்காதீர்கள். புரட்டாசியில் விடியற்காலைப் பனி எங்கே உட்காரும், எவ்வளவு உட்காரும் என்பது அந்தந்த மண்ணுக்கு ஒரு கணக்கு. நாம் அடிக்கிற துளி மேலே இருந்து உருண்டையாக விழுந்து கிடக்கும், தோட்டத்தில் வளர்ந்தவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

மேலூர்_பக்கம் எழுதியது:

ஸ்பிரே விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை, தூசி படிந்த இலையைத் துடைக்க ஈரம் வேண்டும்தானே. ஆனால் இந்தப் படத்துக்கு வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இலையில் இருக்கிற பூச்சி கடித்த ஓட்டையையும் அப்படியே விடுங்கள்.

அப்பத்தா_தோட்டம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாம் செய்தேன்.

நாலரை மணிக்குப் போனேன், ஆறு நாள் போனேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் சரியாக வரவில்லை, ஒரு நாள் முழுக்க மேகம், ஒரு நாள் கேமராவில் சார்ஜ் இல்லை. மூன்றாவது நாள் அப்பாவே கூட வந்தார். மூன்று நிலை மொட்டு இருக்கிற கொத்து வேண்டும் என்று சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை, கிணற்றுப் பக்கத்து வரிசையில் நேராகப் போய் ஒரு கிளையை விலக்கிக் காட்டினார். நான் முட்டி போட்டுக் கேமராவைச் சரி செய்துகொண்டிருக்கும்போது வெயில் ஏறிவிட்டது. தோளில் இருந்த துண்டு போதாது என்று மோட்டார் ரூமில் காய்ந்த வேட்டியை எடுத்து வந்து அவரும் பூ எடுக்கிற அக்கா ஒருவரும் பிடித்தார்கள். மைனஸ் 1, எஃப்8, 1/320. மொட்டில் இதழ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கிற கோடு தெரிகிறது, காம்பில் இருக்கிற மெல்லிய மயிர்கூடத் தெரிகிறது. பின்னால் கலங்கலாக வரிசை, அதற்கும் பின்னால் கிணற்றுச் சுவர். அப்பா திரையைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, இடது பக்கம் இருக்கிறது நாளைக்கு எடுக்கிற மொட்டு, இந்தச் சின்னது நாளான்னைக்கு என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர்தான் என்னை எழுப்பினார்.

நெற்றி லைட் வெளிச்சத்தில் அப்பா கை மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்திருக்கிறேன், கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனால் அதைத்தான் அம்மா கேட்கிறார். டைம்லாப்ஸில் முதல் தடவை எங்கள் வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்துவிட்டது, இரண்டாவது தடவை சரியாக வந்தது, ஏழு மணிக்கு முதல் பூ அவிழ்ந்தது, எட்டரைக்குள் சரம் முழுக்க.

இப்போது பிரிண்ட் போடப் போகிறேன். கடையில் பளபளப்புத் தாளா, மேட் தாளா என்று கேட்கிறார்கள். எது நல்லது?

ஐம்பது_எம்எம் எழுதியது:

மேட் தாள் போடுங்கள் தங்கச்சி. நடு வீட்டில் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பளபளப்புத் தாளில் ஜன்னல்தான் தெரியும். அதுவும் ஃபிரேமில் கண்ணாடி வேறு வரும். தூய வெள்ளைத் தாள் வேண்டாம், கொஞ்சம் பழுப்பு ஓடிய தாள் இருந்தால் கேளுங்கள், மொட்டின் வெள்ளைக்கு அது இதமாக இருக்கும். கடைக்காரர் பிரைட்னெஸ் ஏற்றித் தரட்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள், அவர் ஏற்றினால் நீங்கள் ஆறு நாள் காத்த வெள்ளை போய்விடும். முழு வெள்ளையாக இருக்கிற இடத்தில் மெஷின் மை போடாது, வெறும் தாள்தான் தெரியும், பார்க்க ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். முதலில் மொட்டு இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி 4க்கு 6-ல் ஒன்று போட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தச் சுவரிலேயே பகலிலும் இரவிலும் வைத்துப் பாருங்கள், அதன்பிறகு பெரியது போடலாம். அப்பா கை படத்தையும் அதோடு சேர்த்துப் போடுங்கள், ஆடியிருந்தால் பரவாயில்லை.